கறை உள்ளவர்களுக்கு மட்டும் விடுப்பு

உழைக்கிறவனுக்கு விடுப்பு எதற்கு என்ற கேள்விக்கு விடை தெரியாமல் உலகத்து அறிஞர்கள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதைச் சட்டென்று கண்டுபிடித்தவர் எங்கள் பொது மேலாளர். 'எதற்கும் இல்லை' என்பதே அந்த விடை. இவ்வளவு பெரிய உண்மையை இவ்வளவு சின்னதாகச் சொல்லத் தெரிந்த இன்னொரு பொது மேலாளர் எங்காவது இருக்கலாம். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. ஒருவரே போதும் என்று விதி நினைத்துவிட்டது.

எங்கள் கம்பெனி கறை நீக்கும் பவுடர் தயாரிக்கிறது. அதனால் ஆபீசில் சுவர் வெள்ளை, மேஜை வெள்ளை, திரைச்சீலை வெள்ளை. ஊழியர்களும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்த வேண்டும். எங்களுக்கு 'நடமாடும் விளம்பரங்கள்' என்று பெயர். காலையில் வாசல் காவலர் ஒவ்வொரு விளம்பரத்தையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். கையை நீட்டச் சொல்லி உள்ளங்கை, புறங்கை இரண்டையும் சோதிப்பார். அவர் தலைக்கு மேலே கண்ணாடிக்குள் மாட்டிய அறிவிப்பு ஒன்று உண்டு: 'உடையிலோ உடலிலோ கறை உள்ளவர், எப்பதவியினராயினும், கறை நீங்கும்வரை வளாகத்துக்குள் இருத்தல் கூடாது. அக்காலம் விடுப்பாகக் கருதப்படும்.' கீழே பொது மேலாளரின் கையெழுத்து, முத்து முத்தாக.

ஒருமுறை கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் பேனா கசிந்து சட்டைப்பை நீலமாகி வந்து நின்றார். காவலர் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் வீட்டுக்கு ஓடி வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். 'நம் பவுடரைப் போட்டுத் துவைத்திருக்கலாமே' என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் விவரம் தெரிந்தவர்கள்.

என் வேலை 'வாடிக்கையாளர் மனநிறைவுப் பிரிவில்'. பவுடர் போட்டும் கறை போகவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு நான் பதில் எழுதுகிறேன். கறை கட்டாயம் போகும், பொறுமை தேவை என்பது முதல் பதில். மறுபடி எழுதினால், தங்கள் ஊர்த் தண்ணீர் சரியில்லை என்பது இரண்டாவது. அப்போதும் விடாமல் எழுதுகிற பிடிவாதக்காரர்களுக்கு என்றே நான் பெருமையோடு இழைத்து வைத்திருக்கிற பதில் இது: 'தாங்கள் குறிப்பிடுவது கறை அல்ல. அது தங்கள் துணியின் இயல்பான நிறம்.' இதற்குப் பிறகு யாரும் எழுதியதில்லை. மனநிறைவு அடைந்துவிடுகிறார்கள்.

இப்படி ஊரார் கறையை எல்லாம் இல்லை என்று எழுதிக்கொண்டிருந்த எனக்கு, கையைக் கறையாக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை வந்ததற்கு என் மனைவிதான் காரணம். அவள் பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளர். அங்கேயும் எல்லாம் வெள்ளை. காலையில் கையுறை மாட்டினால் சாயங்காலம்தான் கழட்டுவாள். தன் கையைத் தானே பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்பாள். இந்தக் காலத்தில் வெள்ளைக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் கனவு என்றால் சேறு, சாயம், பசை, சாம்பல்தானே. அவளுக்கும் வந்தது. யாரோ ஒரு அம்மாள் வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றுவதைப் போனில் பார்த்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தோல் என்று பெயர் உள்ள எதையும் குப்பையில் போட முடியவில்லை.

வெங்காயத் தோல் தலையணை உறைக்குள் போனது. மாதுளந்தோல் ஜன்னல் விளிம்பில் காய்ந்தது. பால்கனியில் துருப்பிடித்த ஆணிகள் ஒரு பாட்டில் தண்ணீரில் ஊறிக்கொண்டு கிடந்தன. வருகிற லீவுக்கு அவள் அண்ணன் வீட்டுக்குப் போவதாகத் திட்டம். அங்கே பெரிய பின்கட்டு, தண்ணீர்க் குழாய், விறகு அடுப்பு எல்லாம் உண்டு.

மூட்டை கட்டும் வைபவத்தை ஒருநாள் நான் பார்வையிட்டேன்.

"ரெண்டு பை நெறையவும் என்ன வெச்சிருக்கே?"

"ஒண்ணுல வெங்காயத் தோல். இன்னொண்ணுல மாதுளந்தோல்."

"போட்டுக்கத் துணி?"

"பழைய போர்வை இருக்கு. சாயம் போட்டுட்டா அதுதான் துணி."

"உங்க அண்ணன் வீட்டுத் தரை என்னத்துக்கு ஆகும்?"

"செவுத்துல கை துடைச்சாக்கூடப் பரவாயில்ல, வந்து சேருங்கன்னு சொல்லியிருக்கார். போன தடவையும் டிக்கெட்டை ரத்து பண்ணினோம். அதுக்கு முந்தின தடவையும் பண்ணினோம். இந்தத் தடவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ். நீங்க வந்தாலும் வராட்டியும் நான் ஏறிடுவேன்."

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயத் தோலை அமுக்கிப் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொன்னால் சமாதானம் பண்ணலாம். ஜிப்பை இழுத்துக்கொண்டே சொல்கிறவளை ஒன்றும் பண்ண முடியாது.

சோதித்துப் பார்க்கலாமே என்று அன்றே மாதுளந்தோல் தண்ணீரில் என் ஆள்காட்டி விரலை முக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. அப்படியே ஆணித் தண்ணீரில் முக்கினேன். விரல் அடுப்புக் கரியாக மாறியது. எங்கள் பவுடரைப் போட்டுத் தேய்த்தேன். இன்னும் நன்றாகக் கறுத்தது. மறுநாள் விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

"காயமா சார்?" என்றார் காவலர்.

"ஆமாம்."

"அப்ப போங்க. கறையோன்னு பாத்தேன்."

எங்கள் கம்பெனியின் மனிதநேயம் அப்படிப்பட்டது. ரத்தம் வந்தால் உள்ளே விடுவார்கள்.

எங்கள் ஆபீசில் விடுப்பு கேட்டால் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். 'விடுப்பு நேர்காணல்' உண்டு. வேலைக்குச் சேரும்போது கேட்டதைவிடக் கஷ்டமான கேள்விகளைக் கேட்டு, வெளியே போகத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பொது மேலாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனிதவள அதிகாரி. யாரை வேலையைவிட்டு நீக்கினாலும் சிரித்த முகத்தோடு நீக்குவார் என்பதால் அவருக்குப் 'புன்னகை மேடம்' என்று பெயர்.

"லீவுல என்ன செய்யறதா உத்தேசம்?" என்றார் பொது மேலாளர்.

"துணிக்குச் சாயம் போடப் போறோம் சார். இயற்கைச் சாயம்."

"கறை நீக்கற கம்பெனில சம்பளம் வாங்கிட்டு, வெளில போய்க் கறை உண்டாக்கப் போறீங்க."

"கறை இல்ல சார், சாயம்."

"என்ன வித்தியாசம்?"

"தானா பட்டா கறை. நாமளா போட்டா சாயம் சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் சிந்திக்கும்போது நாங்கள் மூச்சுவிடுவதில்லை, அது அவருக்குத் தொந்தரவு. புன்னகை மேடம்தான் முதலில் பேசினார்.

"எவ்வளவு அழகான கனவு. இதுக்காக நீங்க அவ்வளவு தூரம் அலையணுமா? நம்ம கம்பெனியே ஒரு குடும்பம்தானே. இங்கேயே பண்ணிடலாமே."

"இங்கேயா மேடம்?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம். நம்ம கூட்ட அரங்கத்துல. எல்லாரும் சேர்ந்து."

பொது மேலாளர் கண்ணைத் திறந்தார். "பிரமாதம். டீலர்களையும் கூப்பிடுங்க. ஊழியரின் கனவை நிறைவேற்றிய நிறுவனம்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

"ரொம்ப சந்தோஷம் சார். அப்ப என் லீவு?"

"கனவு இங்கேயே நிறைவேறினப்புறம் லீவு எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு அரங்கமே கைதட்டியது. அரங்கம் என்பது புன்னகை மேடம்தான். விடுப்பின் நோக்கம் வளாகத்துக்குள்ளேயே பூர்த்தியாவதால் விடுப்பு 'தேவையற்றதாகிறது' என்று முடிவாயிற்று. செய்தி கேட்டு என் அடுத்த மேஜைக்காரர் பதறிப் போனார். அவர் நன்றாகத் தூங்க வேண்டும் என்று லீவு கேட்டிருந்தார். ஆபீசில் கட்டில் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, ஓடிப்போய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வீட்டில் சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எதுக்குப் போய் உண்மையைச் சொன்னீங்க? அண்ணனுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னா அவரையும் ஆபீசுக்குத் தூக்கிட்டு வந்து வைத்தியம் பாத்திருப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுன்னா நான் உங்களுக்காக நிக்க மாட்டேன்," என்றாள். ஒரு பாத்திரத்தில் மாதுளந்தோல் தண்ணீரையும் அந்த ஆணித் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்து வைத்தாள். "கனவுன்னு சொல்லிட்டாங்கல்ல. கொண்டுபோங்க. மிச்சத்தை நான் அங்க போய்ச் சேத்துக்கறேன்."

எனக்கு அப்போது நிஜமாகவே அழுகை வந்தது. ஆனால் நான் நடமாடும் விளம்பரம். சட்டையில் ஈரம் பட்டால் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை அரங்கத்தில் 'அழுக்கில்லாக் கைவினை விழா' தொடங்கியது. தரை முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள். எல்லோருக்கும் வெள்ளை மேலங்கி, வெள்ளைக் கையுறை. சொட்டக் கூடாது, தெறிக்கக் கூடாது, பிழியக் கூடாது என்று மூன்று விதிகள். சாயம் போடுவது என்றால் இந்த மூன்றும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பாகப் போயிற்று. புன்னகை மேடம் முன்யோசனைக்காரர். கடையில் ஏற்கெனவே நிறம் போட்ட கைக்குட்டைகளை வாங்கி வைத்திருந்தார். அவற்றை நல்ல தண்ணீரில் நனைத்து எடுக்க வேண்டும். போகும்போது மஞ்சள், வரும்போதும் மஞ்சள்.

"பாத்தீங்களா, எவ்வளவு சுத்தமான சாயம்," என்றார் மேடம். எல்லோரும் கைதட்டினோம். கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை. என் பாத்திரமும் பாட்டிலும் மேஜைக்கு அடியில் இருந்தன.

டீலர்கள் கொட்டாவிவிட ஆரம்பித்தார்கள். பொது மேலாளருக்கு டீலர் கொட்டாவி விட்டால் பொறுக்காது. மேடையிலிருந்து குனிந்து என்னைக் கேட்டார்.

"உங்ககிட்ட நிஜக் கறை ஏதாவது இருக்கா? நானே கையை நனைச்சு, நம்ம பவுடரைப் போட்டுக் கழுவிக் காட்டறேன்."

"இருக்கு சார். ஆனா இது போகாது."

அவர் மைக்கை மூடிக்கொண்டார். "எந்த வாடிக்கையாளருக்காவது போகாதுன்னு இதுவரைக்கும் எழுதியிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"என்னன்னு எழுதினீங்க?"

"கட்டாயம் போகும்னு சார்."

"பொய்யா எழுதினீங்க?"

இதற்கு ஒரு சம்பளக்காரன் என்ன பதில் சொல்வான்? "இல்ல சார்," என்றேன்.

"அப்ப போகும்," என்றார் அவர்.

அவர் நடிக்கவில்லை. அங்கேதான் நீங்கள் அவர் பெருமையைப் புரிந்துகொள்ள வேண்டும். மாதம் தவறாமல் என் பதில்களை எல்லாம் வாங்கிப் படித்துப் படித்து, அந்த மனுஷர் அவற்றை நம்பியேவிட்டார். என் எழுத்தை முழுசாக நம்பிய ஒரே வாசகர் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் பவுடரை வாங்கியவர்கள்.

கையுறைகளைக் கழட்டி மேஜைமேல் வீசினார். "நம்பிக்கை இருக்கறவனுக்குக் கையுறை எதுக்கு?" என்று டீலர்களைப் பார்த்துக் கேட்டார். மாதுளந்தோல் தண்ணீரில் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை முக்கினார். லேசான மஞ்சள்தான். "இவ்வளவுதானா?" என்றார். பாட்டிலில் இருந்ததை ஒரு தட்டில் ஊற்றி அவர்முன் வைத்தேன். முக்கினார். எடுத்தார். அரங்கத்தில் கொட்டாவி நின்றது. வெள்ளைச் சட்டைக் கைகளின் முனையில் இரண்டு கரிக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

பவுடர் வந்தது. தண்ணீர் வந்தது. அவர் புன்சிரிப்போடு தேய்த்தார். பிறகு புன்சிரிப்பு இல்லாமல் தேய்த்தார். பிறகு புன்னகை மேடமும் சேர்ந்து தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அது பளபளவென்று கறுத்தது. எங்கள் பவுடருக்கு இந்தக் கறுப்பு ரொம்பப் பிடித்துப்போயிருக்க வேண்டும்.

முன்வரிசையில் ஒரு பருமனான டீலர் கையைத் தூக்கினார். "சார், இது கறையா, இல்ல துணியோட இயல்பான நிறமா? வாங்கினவங்க எங்க கடைக்குக் கொண்டுவந்து காட்டற உங்க லெட்டர்ல எல்லாம் அப்படித்தான் போட்டிருக்கும்."

அரங்கம் சிரித்தது. இந்தத் தடவை சத்தம் நன்றாகவே வந்தது.

டீலர்கள் போனதும் பொது மேலாளர் கைகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அவர் என்மேல் பாயவில்லை. பெரிய மனுஷர்கள் பாய்வதில்லை.

"உங்க கனவு நிறைவேறிடுச்சு இல்லையா?"

"சார்..."

"ரொம்ப நல்லது. இப்ப போய் உட்காருங்க. வந்திருந்த டீலர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் எழுதுங்க. முடிச்சுட்டுத்தான் எழுந்திருக்கணும். நாளைக்கும் வாங்க. நாளன்னைக்கும் வாங்க."

ஜன்னலில் வெயில் சாய்ந்துவிட்டது. பஸ் நிலையத்தில் அவள் தோல் அடைத்த இரண்டு பைகளோடு நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. பஸ் வந்தால் ஏறிவிடுவாள். ஏறிய பிறகு திரும்பிப் பார்க்க மாட்டாள். திரும்பி வந்த பிறகும் என்னைப் பார்ப்பாளா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. மூன்றாவது தடவை ஒருத்தியை ஏமாற்றிவிட்டு, தங்கள் ஊர்த் தண்ணீர் சரியில்லை என்று அவளுக்கு எழுத முடியாது.

பாத்திரத்தைப் பார்த்தேன். பாதிக்குமேல் இருந்தது. தட்டிலும் இருந்தது. வாசல் அறிவிப்பின் வாசகம் அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் புரிந்தது. எத்தனை வருஷமாக அதன் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கையுறையைக் கழட்டினேன். சட்டைக் கையைச் சுருட்டினேன். முதலில் பாத்திரத்திலும் பிறகு தட்டிலுமாக முழங்கை வரை நனைத்தேன்.

"என்ன பண்றீங்க?" என்றார் பொது மேலாளர்.

"கனவு கொஞ்சம் பாக்கி இருந்தது சார்."

"மேடம், இவருக்கு ஒரு ஜோடி கையுறை கொடுங்க."

இதை நான் எதிர்பார்த்தேன். கையுறைக்கு எட்டாத இடமாகப் பார்த்து, இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் நன்றாகப் பூசிக்கொண்டேன். குளிர்ச்சியாக இருந்தது. துரு வாசனை வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு சுகமாக நான் எதையும் செய்ததில்லை.

காவலரைக் கூப்பிட்டார்கள். அவர் என்னை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சார், நீங்க உள்ள இருக்கக் கூடாது. கறை."

"அவர் வேலை முடிக்கணும்," என்றார் பொது மேலாளர்.

"நீங்க கையெழுத்துப் போட்ட உத்தரவு சார். கறை போற வரைக்கும் லீவு." பிறகு அவர் பார்வை அந்தத் துண்டின்மேல் போனது. தயங்கினார். "சார், எப்பதவியினராயினும்னு..."

பொது மேலாளர் மேஜையிலிருந்த கையுறைகளை அவசர அவசரமாக மாட்டிக்கொண்டார். காவலர் அவற்றையும் முன்னும் பின்னும் பார்த்தார். வெள்ளை வெளேர் என்று இருந்தன.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார்," என்றார்.

நான் ஓடினேன். பஸ்ஸில் எல்லோரும் ஏறிவிட்டிருந்தார்கள். அவள் மட்டும் படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று கண்டக்டரிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நிற்க மாட்டேன் என்றவள். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து, ஒரு விரலால் என் கன்னத்தைத் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

"நல்லாப் பிடிச்சிருக்கு," என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் ஊர் எல்லை தாண்டும் வரை நிறுத்தவில்லை.

இதை மச்சான் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொடியில் போர்வைகள் தொங்குகின்றன. எதற்கும் ஒரே நிறம் என்று இல்லை. மச்சான் வீட்டுச் சுவரில் என் மனைவியின் கை அச்சாகப் பதிந்திருக்கிறது. கன்னத்தில் கறுப்பு மங்குவது போலத் தெரிந்தால், அவள் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். அடுத்த மேஜைக்காரர் போன் செய்தார். ஆபீசைச் சுற்றியுள்ள கடைகளில் மாதுளம்பழம் கிடைப்பதில்லையாம். அவர் இப்போது சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் தூங்குகிறாராம்.

நேற்றுப் பொது மேலாளரே கூப்பிட்டார்.

"கை எப்படி இருக்கு?"

"இன்னும் போகல சார்."

"நம்ம பவுடர் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். ஜாஸ்தியாயிடுச்சு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் இழைத்து இழைத்து எழுதிய வாக்கியத்தை எனக்கே படித்துக் காட்டினார்.

"அது கறை இல்லைங்க. உங்க தோலோட இயல்பான நிறம். திங்கட்கிழமை வந்துடுங்க."

"அப்படியே ஆகட்டும் சார். நீங்களும் திங்கட்கிழமை கையுறையைக் கழட்டிட்டு உட்காருங்க. நான் காலையிலயே வந்துடறேன்."

போனை வைத்துவிட்டார். அவர் கழட்டியதாக இதுவரை தகவல் இல்லை. அதனால் என் விடுப்பு தொடர்கிறது. ஊழியனுக்கு இவ்வளவு நீண்ட விடுப்பைக் கொடுத்த இன்னொரு பொது மேலாளர் உலகத்தில் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். காட்டும்போது அவர் கையையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.